வீட்டை விற்றுவிட்டுக் கப்பலில் குடியேறலாமா?

கேள்வி: மலேசியாவின் பகாவ் ஊர் வாசகர் ஒருவர், 4 மார்ச் 2025

எனக்கு வயது 61, மனைவிக்கு 58. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் நிலைத்துவிட்டார்கள். வீட்டை விற்று, சேமநிதிப் பணத்தையும் சேர்த்து, உல்லாசக் கப்பலிலேயே நிரந்தரமாக வாழ்ந்துவிடலாம் என்று எண்ணுகிறோம். முதியோர் இல்லத்துக்குக் கட்டும் பணத்திலேயே கப்பலில் இருக்கலாம் என்று ஓர் ஆய்வு நிறுவியிருப்பதாகப் படித்தேன். தெரிந்தவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

5 மார்ச் 2025

பந்திங்கில் ஓய்வுபெற்று இருக்கும் நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஆய்வு உண்மையானது, ஆனால் அதை வைத்து இங்கே முடிவெடுக்க முடியாது. 2004-இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் இதழில் லீ லிண்ட்குவிஸ்ட், ராபர்ட் கோலப் என்ற இரு மருத்துவர்கள் எழுதிய கட்டுரை அது. இருபது ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு, கப்பலில் சுமார் 230,000 டாலரும் உதவியாளருடன் கூடிய முதியோர் இல்லத்தில் சுமார் 228,000 டாலரும் ஆகும் என்று காட்டினார்கள். ஒப்பிடப்பட்டது அமெரிக்க இல்லம். நம் நாட்டில் தனியார் இல்லங்கள் மாதத்துக்குச் சில ஆயிரம் ரிங்கிட் கேட்கின்றன. அந்தத் தராசில் கப்பலை வைத்தால் முள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். கட்டுரை வெளிவந்தும் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

8 மார்ச் 2025

பணத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம், ஏனென்றால் எனக்கு முக்கியமாகப் படுவது பணம் அன்று.

மலிவான கப்பலில், சன்னல் இல்லாத உள்கேபினில், ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 100 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கு ஆண்டுக்கு 73,000 டாலர். 2025 மார்ச்சில் டாலர் ஏறக்குறைய 4.40 ரிங்கிட்டுக்கு விற்றது. ஆக, மூன்று இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். பெரிய நிறுவனங்கள் பணியாளர் அன்பளிப்பு என்று தலைக்கு நாளொன்றுக்கு 16 முதல் 20 டாலர் வரை தனியே பிடிக்கின்றன. குறைந்த தொகையைக் கொண்டாலும் இருவருக்கு ஆண்டில் 11,680 டாலர். இணையம், சலவை, மருந்து, கரையிறங்கிச் சுற்றும் செலவு எல்லாம் இதற்கு மேல்.

இப்போது நம் பக்கக் கணக்கு. 55 வயதில் ஒருவருக்கு இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பு என்று ஊழியர் சேமநிதி வாரியம் வைத்திருந்த அளவு 240,000 ரிங்கிட். அந்தத் தொகைக்கு, 2024-ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட 6.30 விழுக்காட்டு இலாப ஈவைப் போட்டால் ஆண்டுக்கு 15,120 ரிங்கிட் வரும். கப்பலில் அது இருவருக்கு மூன்று வாரம்கூடத் தாங்காது. பகாவ் அன்பரிடம் இதைவிடப் பல மடங்கு இருக்கலாம். அவர் தொகையைச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். பந்திங்கில் என்னோடு ஓய்வுபெற்ற பெரும்பாலோருக்கு இது கணக்களவிலேயே நின்றுவிடும் ஆசை.

9 மார்ச் 2025

ஒருவர் தனியாகப் போனால் பாதிதானே என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. கேபின் விலை இருவரைக் கருதியே வைக்கப்படுகிறது. தனியாள் பல நேரங்களில் இரண்டாம் ஆளின் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். துணை இறந்த பிறகு, மிஞ்சியவருக்குச் செலவு பாதியாகக் குறையாது என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

15 மார்ச் 2025

எனக்கு முக்கியமாகப் படுவதை இப்போது எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பந்திங்குக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பா முதலில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார். பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியபோது குலை அறுத்தார். வீட்டுக்கு வாடகை கிடையாது. கூரை ஒழுகினால் நிர்வாகம் ஆள் அனுப்பும். காய்ச்சல் வந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரிடம் போவோம். பிள்ளைகளை ஆயாக் கொட்டகை பார்த்துக்கொண்டது. பள்ளியும் கோயிலும் நடக்கும் தூரத்தில் இருந்தன. அந்த வீட்டில் நாங்கள் கவலையில்லாமல் இருந்தோம் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அது எங்கள் வீடு அன்று. அப்பா வேலையிலிருந்து நின்றதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா நட்ட முருங்கையும் கறிவேப்பிலையும் அங்கேயே நின்றன. நிர்வாகம் சட்டத்தை மீறவில்லை. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம்கூட, வேலையில் இருப்பவருக்குத் தரப்படும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்பதையே வரையறுக்கிறது. வேலை போன பிறகு அவர் எங்கே போவார் என்பது அதன் கவலை அன்று.

கப்பலில் குடியிருப்பவரின் நிலையை நான் இப்படித்தான் பார்க்கிறேன். மின்கட்டணம் இல்லை, வரி இல்லை, சமையல் இல்லை, கூரையைப் பற்றிய நினைப்பே இல்லை. பதிலுக்குக் கூரையின் மேல் எந்த உரிமையும் இல்லை. கப்பலை விற்பது, வழியை மாற்றுவது, கட்டணத்தை உயர்த்துவது, பழுதென்று நிறுத்துவது எல்லாம் இன்னொருவர் தீர்மானம். லயத்து வீட்டை விட்டு இறங்கியபோது எங்களுக்குப் போக வேறு வீடு இல்லை. எத்தனையோ ஆண்டு மாதத் தவணை கட்டித்தான் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியில் இந்த வீடு வந்தது. அப்படி வந்த வீட்டை விற்று, மறுபடியும் இன்னொரு நிறுவனத்தின் கூரைக்குக் கீழே போய் நிற்க வேண்டுமா என்பதுதான் பகாவ் ஐயாவிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி.

16 மார்ச் 2025

நேற்று எழுதியது அச்சமூட்டுவதற்காக அன்று, நடந்தவை இருக்கின்றன.

2023 மார்ச்சில் 'லைஃப் அட் ஸீ' என்ற பெயரில் மூன்றாண்டுக் கப்பல் வாழ்வு ஒன்று விற்பனைக்கு வந்தது. நவம்பர் 1-ஆம் தேதி இஸ்தான்புல்லிலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு. வாங்க நினைத்திருந்த 'ஐடாஆரா' கப்பல் கிரேக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. நவம்பரிலேயே பயணம் கைவிடப்பட்டது. வீட்டை விற்றவர்களும், வாடகைக்கு விட்டவர்களும், வேலையை விட்டவர்களும் அதில் இருந்தார்கள். பணம் திரும்பக் கிடைத்தாலும் விற்ற வீடு திரும்பக் கிடைப்பதில்லை.

அடுத்தது 'வில்லா வீ ஒடிஸி'. 1993-இல் கட்டப்பட்டு, கைமாறிக் கைமாறி, குடியிருப்புக் கப்பலாக மாற்றப்பட்டது. 2024 மே மாத இறுதியில் பெல்பாஸ்ட்டிலிருந்து புறப்பட வேண்டியது, சுக்கான் தண்டிலும் பற்சக்கரப் பெட்டியிலும் பழுது பார்த்து முடிய செப்டம்பர் இறுதி ஆயிற்று. நிறுவனம் உணவும் தங்குமிடமும் கொடுத்தது. ஆனாலும் உலகைச் சுற்ற வந்தவர்கள் நான்கு மாதம் ஒரே துறைமுக ஊரில் பெட்டியும் கையுமாக இருந்தார்கள். கப்பல் பிறகு புறப்பட்டது, பலர் அதில் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நமக்குப் பழக்கமான பெயர் ஒன்றும் உண்டு. 1993-இல் தொடங்கப்பட்ட ஸ்டார் குரூஸஸ் கப்பல்களில் கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் எத்தனையோ மலேசியர்கள் போய்வந்தார்கள். அதன் தாய் நிறுவனமான கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில் கலைப்பு மனுத் தாக்கல் செய்தது. இரண்டு இரவுப் பயணச் சீட்டு வைத்திருந்தவருக்கு அது ஒரு சிறு இழப்பு. அங்கேயே குடியிருந்தவர் இருந்தால் அவருக்கு அது என்னவாக இருந்திருக்கும்?

22 மார்ச் 2025

"அப்படியானால் கப்பலையே வாங்கிவிட வேண்டியதுதானே" என்று செரம்பானிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வேடிக்கையாகக் கேட்டாரோ என்னவோ, நான் இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் அப்படியே செய்தவர்கள் இருக்கிறார்கள்.

'தி வேர்ல்ட்' என்ற கப்பல் 2002-இல் பயணத்தைத் தொடங்கியது. அதில் 165 குடியிருப்புகள் உள்ளன. தொடங்கிய மறு ஆண்டே குடியிருப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து கப்பலை வாங்கிவிட்டார்கள். எந்தத் துறைமுகத்துக்குப் போவது, எவ்வளவு நாள் நிற்பது, எப்போது புதுப்பிப்பது எல்லாம் அவர்களே பேசித் தீர்மானிக்கிறார்கள். அவர்கள் பெரும் செல்வர்கள்; ஒரு குடியிருப்பின் விலை நம் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஆனாலும் அந்த வழி நமக்குத் தெரியாததன்று. வெள்ளையர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்மரம் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். கையில் காசே இல்லாதவர்கள் செய்த காரியம் அது. என் அப்பாவும் அதில் பங்குதாரர். நாங்கள் இருந்த தோட்டம் சங்கத்தின் கைக்கு வரவில்லை. ஆகவே 15-ஆம் தேதி எழுதியதை இப்படிக் கூர்மையாக்கிக்கொள்கிறேன்: கடலில் வாழ்வது தவறென்று நான் சொல்லவில்லை, தங்குகிறவருக்கும் தீர்மானத்தில் ஒரு கை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். சாதாரண உல்லாசக் கப்பலில் அடுத்தடுத்துச் சீட்டு வாங்கி வாழ்கிறவருக்கு அந்தக் கை இல்லை.

30 மார்ச் 2025

மருத்துவம். பகாவ் ஐயாவின் மனைவிக்கு இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் இருப்பதாக அவரே பிறகு எழுதியிருக்கிறார்.

நம் அரசாங்க மருத்துவ நிலையத்தில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட். காலை ஏழு மணிக்கே போய் உட்கார்ந்து, நண்பகல்வரை காத்திருந்து, மாத்திரைப் பையோடு வருகிறோம்; குறை சொல்கிறோம்; ஆனால் இந்த வசதியைப் பணம் கொடுத்து வாங்கப் போனால்தான் இதன் அருமை தெரியும். கப்பலில் மருத்துவ அறை உண்டு, மருத்துவரும் உண்டு. அவசரத்தில் உயிரைப் பிடித்து நிறுத்தி, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவது அவர்கள் வேலை. நாட்பட்ட நோயை மாதக்கணக்கில் கவனித்துக்கொள்வது அவர்கள் பொறுப்பில் இல்லை. பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் கணக்கில் ஏறும். பயணக் காப்புறுதி பெரும்பாலும் வயதுக்கும் பயண நாளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது; ஆண்டு முழுவதும் பயணம் என்றால் சாதாரணப் பத்திரம் செல்லாது.

அந்த 2004 ஆய்வும் இதை மறைக்கவில்லை. கடுமையாக நோயுற்றவர் கப்பலைவிட்டு மருத்துவமனைக்குப் போவார் என்றுதான் அதுவும் எடுத்துக்கொண்டது. எந்த ஊர் மருத்துவமனை, என்ன மொழி பேசும் தாதி, யார் பக்கத்தில் இருப்பார் என்பதை எந்தக் கட்டுரையும் கணக்கில் எடுக்க முடியாது.

6 ஏப்ரல் 2025

கோவிட் காலத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை.

2020 பிப்ரவரியில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் ஜப்பானின் யோக்கோகாமாவில் 3,711 பேரோடு தனிமைப்படுத்தப்பட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று கண்டது. அதே மாதம் 'வெஸ்டர்டாம்' ஐந்து இடங்களில் மறுக்கப்பட்டு, கடைசியில் கம்போடியாவின் சிஹானூக்வில்லில் கரை கண்டது. மார்ச்சில் 'கோஸ்டா ஃபோர்ச்சுனா' பினாங்குக்கு வந்தபோது நம் நாடே அதைத் திருப்பி அனுப்பியது. அதில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர். அப்போது அந்த முடிவை நானும் சரியென்றே பேசினேன், இன்றும் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். கரையில் இருக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆனால் கப்பலே வீடாக இருப்பவர் அந்த முடிவின் மறுபக்கத்தில் நிற்பார்.

அமைதிக் காலத்திலும் கதவுகள் தாமாகத் திறப்பதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் நம் கடப்பிதழுக்கு 180 நாட்களில் 90 நாள்தான். அமெரிக்கத் துறைமுகம் வழியில் இருந்தால் முன்கூட்டியே விசா எடுத்திருக்க வேண்டும்.

13 ஏப்ரல் 2025

என் தம்பி கேபின்களைக் கவனிக்கும் பணியாளனாக, கேபின் ஸ்டூவர்டாக, பல ஆண்டுகள் கப்பலில் இருந்தவன். இதையெல்லாம் அவனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் சொன்னவற்றில் இரண்டை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, வேலை செய்கிறவர்களைப் பற்றியது. கப்பல் தொழிலாளர்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையான கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்கிறது. ஓய்வு இவ்வளவு என்றால் வேலை எவ்வளவு இருக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பணியாளரின் வேலை ஒப்பந்தம் முடியும்வரை வார விடுமுறை கிடையாது. மேலே நிரந்தரமாக வாழ நினைக்கிறவர், கீழே ஒரு சிறு அறையில் இருவராகப் படுத்தெழுந்து தமக்குப் படுக்கை விரிக்கும் பையனையும் நினைக்க வேண்டும். அந்தப் பையன் நம் தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, மாதக்கணக்கில் தங்கும் முதியவர்களுக்கு அந்தப் பையன் மகனைப் போல் ஆகிவிடுவான். ஒப்பந்தம் முடிந்து அவன் இறங்கும் நாளில் சிலர் அழுவார்கள். அடுத்த வாரம் வேறொரு பையன் வருவான்.

20 ஏப்ரல் 2025

ஈப்போவிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருக்கிறார்: "நீங்கள் கூரையைப் பற்றியே பேசுகிறீர்கள். கணவர் இறந்து, பிள்ளைகள் போய், தாமான் வீட்டில் தனியாக இருக்கிறேன். கூரை என்னுடையதுதான். அதற்குக் கீழே பேச ஆள் இல்லை." இதற்கு எளிதில் பதில் எழுத முடியாமல் ஒரு வாரம் இருந்தேன்.

அவர் சொல்வது உண்மை. லயத்தில் ஒரே வரிசையில் கதவுகள். ஒரு வீட்டில் அடுப்பு புகையவில்லை என்றால் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். தாமானுக்கு வந்த பிறகு அம்மா பல நாள் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது. சொந்த வீடு கிடைத்தது, பக்கத்து வீடு போய்விட்டது. ஓய்வுபெற்ற பிறகு அக்காவோடு கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஒரு சிறு பயணம் போனேன். அங்கே தனியாக வந்திருந்த மூத்த பெண்களைப் பார்த்தேன். காலையில் ஒரே மேசை, மாலையில் ஒரே நாற்காலி, பெயர் சொல்லிக் கூப்பிடும் பணியாளர்கள். ஒருவர் உணவுக்கு வரவில்லை என்றால் மற்றவர் விசாரிக்கிறார். இது லயத்தின் நல்ல பாதி. இதைத் தேடிப் போகிறவரை வீட்டைக் காட்டி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஈப்போ அம்மையாருக்கு என் பதில் பகாவ் ஐயாவுக்குச் சொன்னதிலிருந்து வேறாகவே இருக்கிறது. போய் வாருங்கள், அம்மா. உடல் நன்றாக இருக்கும்போதே, ஆண்டில் சில மாதம் போய் வாருங்கள். வீட்டை மட்டும் விற்காதீர்கள். நம்பகமான ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை ஒழித்து வாடகைக்கு விட்டால், திரும்பி வரும் நாளில் வீட்டில் ஆளிருக்கும்.

27 ஏப்ரல் 2025

"ரஜூலாவில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கடல் புதிதா" என்று ஒருவர் கேட்டார். ரஜூலா என்ற கப்பல் 1926-இல் கட்டப்பட்டது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் இன்றைய கிள்ளான் துறைமுகமான சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கும் நம்மவர்களை மேல்தளத்தில் நெருக்கி ஏற்றி வந்தது. என் தாத்தாவும் அதில்தான் வந்தார். அவர் கடலை விரும்பி ஏறவில்லை. கரை எப்போது வரும் என்று காத்திருந்தவர். இந்த உரையாடலுக்கு அவரைச் சாட்சியாகக் கொண்டுவருவது சரியில்லை.

4 மே 2025

சிறு விவரங்கள், பலர் கேட்டதால். கேபினில் விளக்கேற்றவும் ஊதுவத்தி கொளுத்தவும் அனுமதி இல்லை. தீ அச்சம்தான் காரணம். மின்சுருள் அடுப்பு, சோறாக்கும் சட்டி எதுவும் கொண்டுபோக முடியாது. உள்கேபின் பெரும்பாலும் 150 முதல் 180 சதுர அடி. சன்னல் இல்லாததால் விடிந்ததா என்று கடிகாரம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சைவ உணவு கிடைக்கும், இரசம் கிடைக்காது.

பயணத்தில் இறந்தால் என்ன ஆகும் என்பதைக் கேட்கத் தயங்கிக் கேட்டிருந்தார்கள். பெரிய கப்பல்களில் சிறிய பிணவறை உண்டு. அடுத்த துறைமுகத்தில் உடலை இறக்கி, நம் தூதரகத்தின் வழியாக ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். செலவும் காலமும் ஆகும். காப்புறுதிப் பத்திரத்தில் இதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து, பத்திரத்தின் படி ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

11 மே 2025

பகாவ் ஐயா எழுதியிருக்கிறார். வீட்டை விற்கவில்லை, உறவுக்காரப் பிள்ளைகளைக் குடிவைத்துவிட்டு, மனைவியின் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, முதலில் சிங்கப்பூரிலிருந்து ஒரு நீண்ட பயணம் போய்ப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் குடியிருப்புக் கப்பலில் இடம் வாங்கும் எண்ணம் இருந்தால், ஐயா ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பயணிகள் கப்பலின் அடிப்பாகம் ஐந்தாண்டுக்குள் குறைந்தது இரண்டு முறை கப்பலை நீரிலிருந்து ஏற்றிச் சோதிக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டு விதி. அதற்காகக் கப்பல், நீரை வடித்துப் பழுதுபார்க்கும் உலர்தளத்தில் ஏறும் வாரங்களில் குடியிருப்பவர்கள் பொதுவாக இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த வாரங்களில் எங்கே தங்குவது, யார் செலவில் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.